செவலில் பூட்டும் இரும்பு, வேரில் வெட்டும் இரும்பு: ஊதா பாஸ்பட்டேஸ் நொதிகள்

டி.ஏ.பி. (டைஅம்மோனியம் பாஸ்பேட்) உரம் ஒரு மூட்டை 50 கிலோ. அதில் மணிச்சத்து 46 சதவீதம் என்று சாக்கிலேயே அச்சிட்டிருக்கும். அது பாஸ்பரஸ் பென்டாக்சைடாகப் போட்ட கணக்கு. தனிமப் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அறிய 0.44ஆல் பெருக்க வேண்டும். ஆக, ஒரு மூட்டையில் உண்மையில் இருப்பது சுமார் 10 கிலோ பாஸ்பரஸ். போட்ட பருவத்திலேயே பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் 10 முதல் 20 சதவீதம்தான், அதாவது ஒன்று அல்லது இரண்டு கிலோ. மீதி காற்றிலும் போகவில்லை, பெரும்பாலும் தண்ணீரோடும் போகவில்லை. அதே வயலில் வேருக்கு எட்டாத வடிவில் உட்கார்ந்திருக்கிறது.

எந்த வடிவில் என்பது மண்ணைப் பொறுத்தது. திருநெல்வேலிச் சீமையில் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் மூன்று விதமாக அதைப் பார்த்துவிடலாம். மானூர், சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்பு அதிகம். அங்கே பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து கெட்டிப்படும். நாங்குநேரி, ராதாபுரம் செவலிலும், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேட்டிலும் மணல் துகளைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்த மண்ணுக்கு நிறம் கொடுக்கிறது. பாஸ்பேட்டைப் பிடித்து வைப்பதும் அதே இரும்புதான். தாமிரபரணிப் பாசன வயலில் கதை வேறு. தண்ணீர் கட்டி நிற்கும்போது ஒரு நிலை, வடித்துக் காயவிட்டால் இன்னொரு நிலை. அதைப் பிறகு பார்ப்போம்.

மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து என்று வரும் எண் ஓல்சன் முறையில் எடுத்தது. 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட்டை 8.5 பி.எச்.சில் வைத்து மண்ணோடு குலுக்கினால் எவ்வளவு பாஸ்பேட் கரைந்து வருகிறதோ அதுதான் அந்த எண். தமிழ்நாட்டில் எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று வகுத்திருக்கிறார்கள். உரம் போட இது போதும். ஆனால் மண்ணில் உள்ள மொத்தப் பாஸ்பரஸில் பெரும்பங்கு, பல மண்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கும் மேல் வரை, கரிமச் சேர்மங்களுக்குள் கட்டுண்டு இருக்கிறது. விதையிலிருந்து வந்த பைட்டேட், செத்த நுண்ணுயிர்களின் நியூக்ளிக் அமிலம், செல் சவ்வுகளின் பாஸ்போலிப்பிட் எல்லாம் இதில் சேரும். உழுது மடக்கிய கொழுஞ்சியும், கிடை மறித்த ஆட்டின் புழுக்கையும் இந்தக் கணக்கில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கின்றன. அட்டையில் இது வராது. வேரும் இதை அப்படியே உறிஞ்ச முடியாது. கரிமத்தையும் பாஸ்பேட்டையும் இணைக்கும் எஸ்டர் பிணைப்பை முதலில் வெட்ட வேண்டும். வெட்டுகிற நொதிகளுக்குப் பொதுப்பெயர் பாஸ்பட்டேஸ்.

பாஸ்பட்டேஸ் என்பது தொழிலின் பெயர், குலத்தின் பெயர் அல்ல. தச்சர் என்றால் ஒரே குடும்பம் என்று ஆகாது அல்லவா, அது போல. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல புரதக் குடும்பங்கள் தனித்தனியே இந்தத் தொழிலுக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பயிரின் வேரில் அதிகம் உழைப்பது ஊதா அமில பாஸ்பட்டேஸ் என்ற கிளை. இதன் பிறப்பும் வேலையும் தெரிந்தால், எந்த மண்ணில் இது உதவும், எங்கே கை விரிக்கும் என்பது தானாகத் தெளிவாகும்.

இரண்டு உலோகம், ஏழு அமினோ அமிலம்

சிவப்பு ராஜ்மா விதையை அரைத்து, சாற்றிலிருந்து இந்த நொதியைப் பிரித்துச் செறிவாக்கினால் கண்ணாடிக் குழாயில் ஊதா நிறக் கரைசல் நிற்கும். சாயம் எதுவும் சேர்க்கவில்லை, புரதமே ஊதாதான். சுமார் 560 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள்-பச்சை ஒளியை அது உறிஞ்சுகிறது. எஞ்சி நம் கண்ணுக்கு வருவது ஊதா. அந்த ஒளியை உறிஞ்சுவது ஒரே ஓர் இணைப்பு. டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் ஆக்சிஜன், மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. டைரோசினிலிருந்து இரும்புக்கு எலக்ட்ரான் தாவும்போது அந்த ஒளி செலவாகிறது.

இந்த ராஜ்மா நொதியின் முப்பரிமாண வடிவம் 1995இல் எக்ஸ்-கதிர் படிகவியலால் தெரியவந்தது. ஒரு மூலக்கூறில் ஒரே மாதிரியான இரண்டு அலகுகள், ஒவ்வொன்றும் சுமார் 55 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). ஒவ்வோர் அலகின் உள்குழியிலும் ஓர் இரும்பும் ஒரு துத்தநாகமும் 3 ஆங்ஸ்ட்ராம் அளவு நெருக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. இரும்பைப் பிடித்திருப்பவை 135ஆம் இடத்து அஸ்பார்ட்டேட், 167ஆம் இடத்து டைரோசின், 325ஆம் இடத்து ஹிஸ்டிடின். துத்தநாகத்தைப் பிடித்திருப்பவை 201ஆம் இடத்து அஸ்பரஜின், 286, 323ஆம் இடங்களின் ஹிஸ்டிடின்கள். 164ஆம் இடத்து அஸ்பார்ட்டேட் இரண்டுக்கும் நடுவே பாலமாக நின்று இரண்டையும் பிடிக்கிறது. மொத்தம் ஏழு பேர். புரதச் சங்கிலியில் ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கும் இந்த ஏழு அமினோ அமிலங்கள் பாக்டீரியாவிலிருந்து பயிர் வரை, பன்றியிலிருந்து மனிதன் வரை இந்தக் கிளையின் உறுப்பினர்களில் மாறாமல் வருகின்றன. சுற்றியுள்ள மற்ற எழுத்துகள் எவ்வளவு மாறியிருந்தாலும், புதிதாக ஒரு மரபணு வரிசை கைக்கு வந்தால் முதலில் தேட வேண்டியது இந்த ஏழைத்தான்.

வெட்டும் விதம் இது. பாஸ்பேட் எஸ்டர் குழிக்குள் வரும்போது அதன் ஆக்சிஜன்களை இரு உலோகங்களும் பற்றிக்கொள்கின்றன. எதிர்மின்னேற்றம் மிகுந்த பாஸ்பேட், உலோகங்களின் நேர்மின்னேற்றத்தால் தணிகிறது. உலோகத்தோடு ஒட்டியிருக்கும் நீர், ஒரு புரோட்டானை இழந்து ஹைட்ராக்சைடாக நிற்கிறது. அது நடுப்பாஸ்பரஸைத் தாக்க, எதிர்ப்பக்கத்தில் கரிமத்துண்டு கழன்று விழுகிறது. தாவர நொதிகளில் இது 4.5 முதல் 6 வரையான பி.எச்.சில் நன்றாக நடக்கும்.

செவல் மண்ணில் பாஸ்பேட்டைச் சிறைவைத்திருப்பதும் இரும்புதான், நொதியின் வயிற்றில் இருந்துகொண்டு பாஸ்பேட்டை விடுவிப்பதும் இரும்புதான். இரண்டிலும் ஒரே வேதியியல். மூன்று மின்னேற்ற இரும்புக்குப் பாஸ்பேட் ஆக்சிஜன் மீது உள்ள ஈர்ப்பு அவ்வளவு வலுவானது. ஆக்சைடு பரப்பில் பாஸ்பேட் ஒட்டினால் ஒட்டியதுதான். ராஜ்மா நொதியிலோ ஒரே ஓர் இரும்பு, பக்கத்தில் வேறோர் உலோகம், சுற்றிலும் அளந்து வைத்த குழி. பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு மட்டும் பிடித்து, வெட்டியதும் விட்டுவிடும்படி அமைந்திருக்கிறது. அந்த விடுதல்கூட முழுமையாக இல்லை. வெட்டி வந்த பாஸ்பேட்டே குழியை அடைத்துக்கொண்டு நொதியைத் தடுக்கிறது. பாஸ்பேட்டின் சாயலுள்ள மாலிப்டேட், ஆர்சனேட், வனடேட் ஆகியவையும் அதே இடத்தில் உட்கார்ந்து தடுக்கும்.

உறவுமுறை

இந்தக் கிளை தனியாக முளைத்தது அல்ல. இரண்டு உலோகம் வைத்துப் பாஸ்பேட்டை வெட்டும் பெரிய குலம் ஒன்று உண்டு. அதில் செல்லுக்குள் புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கிச் சமிக்ஞையை அணைக்கும் பி.பி.-1, கால்சினியூரின் போன்றவையும், அறுந்த டி.என்.ஏ.வைச் செப்பனிடும்போது உதவும் எம்.ஆர்.இ.-11 என்ற வெட்டியும், பாக்டீரியாவின் சில நியூக்ளியோடைடேஸ்களும் சேரும். மைய மடிப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான்: நடுவில் இரண்டு அடுக்கு பீட்டா தகடுகள், இருபுறமும் ஆல்ஃபா சுருள்கள், தகடுகளின் விளிம்பில் உலோகம் பிடிக்கும் அமினோ அமிலங்கள். கால்சினியூரினிலும் இரும்பும் துத்தநாகமும் உண்டு. ஆனால் இரும்பைத் தொடும் அந்த டைரோசின் அங்கே இல்லை, அதனால் ஊதா நிறமும் இல்லை. ஆகவே இந்த ஊதா அழகுக்கு வந்ததல்ல. பெரிய குலத்திலிருந்து இந்தக் கிளை எந்த இடத்தில் பிரிந்தது என்பதைக் கண்ணாலேயே காட்டும் மச்சம் அது.

பாக்டீரியாவில் இந்தக் கிளை எங்கும் பரவியதல்ல, மைக்கோபாக்டீரியா, சயனோபாக்டீரியா போன்ற சில வகைகளில் மட்டுமே தென்படுகிறது. மண் பாக்டீரியா பெரும்பாலும் நம்பியிருப்பது காரச்சூழலில் வேலை செய்யும் வேறு மூன்று குடும்பங்களை: பி.எச்.ஓ.-ஏ, பி.எச்.ஓ.-எக்ஸ், பி.எச்.ஓ.-டி. முதலாவது துத்தநாகமும் மக்னீசியமும் கேட்கும். மற்ற இரண்டும் இரும்பும் கால்சியமும் கேட்கும். பயிர்கள் இந்தக் காரவகையைச் செய்வதில்லை. ஆகவே கரிசல் மண்ணில் கார பாஸ்பட்டேஸ் அதிகம் என்று பரிசோதனை சொன்னால், அது பயிரின் சுரப்பு அல்ல, நுண்ணுயிரின் சுரப்பு. எட்டுக்கு மேல் பி.எச். உள்ள கரிசலில் பயிரின் அமில நொதி எப்படி வேலை செய்யும் என்று கேட்கலாம். மண் முழுவதும் அமிலமாக வேண்டியதில்லை. வேர் தன் தோலைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தூரத்துக்குப் புரோட்டானும் கரிம அமிலமும் வெளியிட்டு அந்த வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறது. நொதி உழைக்கும் இடமும் அந்தச் சில மில்லிமீட்டர்தான்.

விலங்குகளில் இந்தக் கிளை கிட்டத்தட்ட ஒற்றைப் பிள்ளையாக நின்றுவிட்டது. மனிதனில் முக்கியமானது ஏ.சி.பி.-5 என்ற மரபணு தரும், சுமார் 35 கிலோடால்டன் எடையுள்ள சிறிய நொதி. தாவரப் பெரிய நொதியைப் போன்ற இன்னொன்றும் மனித மரபணுத்தொகுதியில் உண்டு, ஆனால் அதைப் பற்றிய அறிவு குறைவு. ஏ.சி.பி.-5 எலும்பைக் கரைத்து மறுசீரமைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களில் நிறைய இருக்கும். டார்ட்ரேட் என்ற உப்பைச் சேர்த்தாலும் வேலை நிற்காது என்பதால் ஆய்வகங்களில் இதை டிராப் என்பார்கள். புராஸ்டேட் சுரப்பியின் அமில பாஸ்பட்டேஸ் டார்ட்ரேட்டில் நின்றுவிடும், ஏனென்றால் அது வேறு குடும்பம். இரத்தத்தில் டிராப்-5பி அளவு எலும்பு தேயும் வேகத்துக்கு அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. இந்த மரபணு பழுதானவர்களுக்கு எலும்பு வளர்ச்சியும் நோய் எதிர்ப்பு ஒழுங்கும் சேர்ந்து கெடுகின்றன என்று 2011இல் தெரியவந்தது. பன்றியின் கருப்பைத் திரவத்தில் இதே நொதி ஊதா நிறமாகவே கிடைக்கிறது. அங்கே குட்டிக்கு இரும்பு கொண்டுபோகும் வேலையும் இதற்கு உண்டு என்று கருதி யூட்டரோஃபெரின் என்று பெயர் வைத்தார்கள்.

விலங்கு நொதியில் துத்தநாகம் இல்லை, இரண்டும் இரும்பு. அதனால் ஒரு வேறுபாடு வருகிறது. ஒரு இரும்பு மூன்று மின்னேற்றத்திலும் மற்றது இரண்டு மின்னேற்றத்திலும் இருந்தால் நொதி இளஞ்சிவப்பாக இருக்கும், வேலை செய்யும். இரண்டாவதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து மூன்றுக்குப் போனால் ஊதாவாகிவிடும், வேலை நின்றுவிடும். ராஜ்மாவிலோ ஊதா என்றாலே வேலை செய்கிற நொதி, ஏனென்றால் துத்தநாகம் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் ஒரு வகை நொதியில் துத்தநாகத்துக்குப் பதில் மாங்கனீசு இருக்கிறது. இரண்டாம் உலோகம் எது என்பதில் மட்டும் பரிணாமம் கொஞ்சம் நெளிவுக்கு இடம் கொடுத்திருக்கிறது, முதல் இரும்பை விட்டுக்கொடுக்கவில்லை.

பயிருக்குள் பல பிள்ளைகள்

தாவரங்களில் இந்தக் கிளை பெருகிவிட்டது. ஆய்வகச் செடியான அரபிடாப்சிஸில் 29 மரபணுக்கள், நெல்லில் 26, சோயாவில் 35 வரை. இடம் நகர முடியாத உயிருக்குப் பாஸ்பேட் கிடைப்பது மண்ணின் தயவு. ஒரே மரபணு இரட்டித்து, ஒவ்வொரு பிரதியும் வேறோர் இடத்துக்கும் வேறொரு நேரத்துக்கும் ஒதுக்கப்பட்டதன் விளைவே இந்த எண்ணிக்கை. பெரும்பாலானவை 55 கிலோடால்டன் பெரிய வகை. சில விலங்கு நொதியைப் போன்ற சிறிய வகை.

வேலைப் பிரிவினையை அரபிடாப்சிஸில் ஒவ்வொரு மரபணுவாகச் செயலிழக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பி.ஏ.பி. என்பது ஊதா அமில பாஸ்பட்டேஸின் ஆங்கிலச் சுருக்கம். பி.ஏ.பி.-10 வேர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பி.ஏ.பி.-12, 26 இரண்டும் வெளியே சுரக்கப்படுகின்றன. பி.ஏ.பி.-26 செல்லின் வெற்றிடக்குமிழிலும் இருந்து முதிர்ந்த இலையிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி இளம் பாகங்களுக்கு அனுப்ப உதவுகிறது. அது இல்லாத செடியில் இலை முதிர்ந்து உதிர்வதே தாமதமாகிறது. பி.ஏ.பி.-17 சிறிய வகை. பாஸ்பேட் பஞ்சத்தில் மட்டுமல்ல, உப்பு அழுத்தத்திலும் கூடுகிறது, பெராக்சைடை வைத்து இன்னொரு வேதிவினையும் செய்யும். பி.ஏ.பி.-2 மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் இரண்டின் வெளிச்சவ்விலும் நிற்கிறது.

இவற்றில் பலவற்றைத் தட்டி எழுப்புவது பி.எச்.ஆர்.-1 என்ற புரதம், 2001இல் அடையாளம் காணப்பட்டது. செல்லுக்குள் பாஸ்பேட் நிறைவாக இருக்கும்வரை எஸ்.பி.எக்ஸ். புரதங்கள் அதைப் பிடித்து அடக்கி வைக்கும். பாஸ்பேட் குறைந்ததும் பிடி தளரும், பி.எச்.ஆர்.-1 மரபணுக்களின் முன்பகுதியில் போய் ஒட்டும், நொதி உற்பத்தி தொடங்கும். இதில் விவசாயிக்கு ஒரு செய்தி உண்டு. பாஸ்பேட் தாராளமாக உள்ள வயலில் பயிர் இந்த நொதியைப் பெரிதாகச் செய்யாது. அடியுரமாக மூட்டை மூட்டையாகப் போட்டுக்கொண்டே, மண்ணின் கரிமப் பாஸ்பரஸையும் பயிர் எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வேரில் இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பாஸ்பேட் இல்லாத ஊடகத்தில் நாற்றைச் சில நாள் வளர்த்து, 0.5 சதவீத அகாரில் 0.01 சதவீதம் பி.சி.ஐ.பி. என்ற வேதிப்பொருளைக் கலந்து வெதுவெதுப்பாக வேரின் மேல் ஊற்ற வேண்டும். நொதி பாஸ்பேட்டை வெட்டியதும் மிஞ்சும் துண்டு ஆக்சிஜனோடு சேர்ந்து கரையாத நீலமாகப் படியும். பாஸ்பேட் பஞ்சத்தில் வளர்ந்த வேர் நீலக்கயிறு போலத் தெரியும், நிறைவில் வளர்ந்த வேர் வெள்ளையாகவே இருக்கும்.

பைட்டேட் என்ற கடினமான பூட்டு

விதையில் உள்ள பாஸ்பரஸில் 60 முதல் 80 சதவீதம் பைட்டேட்தான். இனோசிட்டால் வளையத்தில் ஆறு பாஸ்பேட். இதை வெட்டும் பைட்டேஸ் நொதி முதன்முதலில் 1907இல் ஜப்பானில் அரிசித் தவிட்டில் காணப்பட்டது. பைட்டேஸ் என்பதும் தொழிற்பெயர்தான். நான்கு தனித்தனிக் குடும்பங்கள் இந்தத் தொழிலைச் செய்கின்றன, ஊதா கிளை அதில் ஒன்று. கோழித்தீவனத்தில் சேர்க்கும் பைட்டேஸ் பெரும்பாலும் ஹிஸ்டிடின் அமில பாஸ்பட்டேஸ் என்ற வேறொரு குடும்பம், அதற்கு உலோகமே வேண்டாம். ஊதா கிளையிலும் எல்லோருக்கும் பைட்டேட் வெட்ட வராது. முளைக்கும் சோயா வித்திலையில் 2001இல் கண்டறிந்த நொதியும், அரபிடாப்சிஸின் பி.ஏ.பி.-15உம் போலச் சில மட்டுமே அதில் தேறியவை. கேப்பையையும் கம்பையும் முளைகட்டினால் பைட்டேட் குறைவது, விதை தன் சேமிப்பைத் தானே திறப்பதால்தான்.

மண்ணில் கிடக்கும் பைட்டேட்டைத் திறப்பது வேறு விஷயம். ஆறு பாஸ்பேட்டுகளாலும் அது இரும்பு ஆக்சைடை இறுகப் பற்றிக்கொள்கிறது. நொதியின் குழிக்குள் வர அதற்கு விடுதலை வேண்டும். பூஞ்சையின் பைட்டேஸைச் சுரக்கும்படி மரபணு மாற்றிய செடிகள் அகார் ஊடகத்தில் பைட்டேட்டைத் தின்று செழித்தன. மண்ணில் நட்டபோது அந்தப் பலன் பெரிதும் காணாமல் போனது. கத்தி கூர்மையாக இருந்தும் வெட்ட வேண்டியது கைக்கு வரவில்லை. சுரந்த நொதியிலும் ஒரு பங்கு களிமண்ணில் ஒட்டிச் செயலிழந்தது. முதலில் கரிம அமிலம் இழுத்துவிட வேண்டும், பிறகுதான் நொதி வெட்ட முடியும்.

துவரை இதில் முன்னோடி. அதன் வேர் பிசிடிக் அமிலம் என்ற சேர்மத்தைச் சுரந்து இரும்பைப் பற்றி, இரும்போடு கட்டிய பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று ஐதராபாத் அருகே உள்ள பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டில் நடந்த ஆய்வு 1990இல் காட்டியது. செவல் காட்டில் ஊடுபயிராகத் துவரை நிற்பதற்கு இது நல்ல நியாயம். ஆனால் இது நொதியின் வேலை அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. பாஸ்பட்டேஸ் எதுவும் இரும்புப் பாஸ்பேட்டையோ கால்சியம் பாஸ்பேட்டையோ தொடாது, எஸ்டர் பிணைப்பை மட்டுமே வெட்டும். கடையில் வாங்கும் பாஸ்போபாக்டீரியா கரைப்பது பெரும்பாலும் தாதுப் பாஸ்பேட்டை, அதுவும் கரிம அமிலத்தால். நொதியால் கரிமப் பாஸ்பரஸை வெட்டுவது அதன் இரண்டாவது வேலை. இரண்டுக்கும் பாக்டீரியாவுக்குத் தின்னக் கரிமம் வேண்டும். எக்டருக்கு 2 கிலோ பாஸ்போபாக்டீரியாவை 25 கிலோ தொழுவுரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து போடச் சொல்வதிலும் அந்த நன்மை இருக்கிறது. வெறும் மணலில் கலந்து தேரியில் வீசினால் பாதி உயிர் வெயிலிலேயே போய்விடும்.

மண்ணில் அளப்பது

மண்ணின் பாஸ்பட்டேஸ் வேகத்தை அளக்கும் முறை 1969இலிருந்து பெரிதாக மாறவில்லை. 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த ஈரமண் 1 கிராம், டொலுயீன் 0.2 மில்லி, யுனிவர்சல் பஃபர் 4 மில்லி. அமில நொதிக்கு பஃபர் 6.5 பி.எச்., கார நொதிக்கு 11. அதில் பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் கரைசல் 1 மில்லி சேர்த்து, 37 டிகிரியில் 1 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு 0.5 மோலார் கால்சியம் குளோரைடு 1 மில்லி, 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 4 மில்லி ஊற்றி வடிகட்டினால் மஞ்சள் நீர் இறங்கும். அதை 400 முதல் 420 நானோமீட்டருக்குள் படிக்க வேண்டும். மஞ்சள் என்பது வெட்டுப்பட்டு வெளிவந்த நைட்ரோபீனால். கார நிலையில்தான் அதன் நிறம் முழுதாகத் தெரியும், 6.5இல் பெரும்பகுதி நிறமற்று இருக்கும். ஹைட்ராக்சைடு வினையை நிறுத்துவதோடு நிறத்தையும் கொண்டுவருகிறது.

ஒரு கணக்கு. 1 செ.மீ. குழாயில் 0.36 என்று வந்தால், மோலார் உறிஞ்சல் எண் 18,000 என்று வைத்து, 20 மைக்ரோமோலார். மொத்தக் கரைசல் சுமார் 10 மில்லி, ஆக 0.2 மைக்ரோமோல். நைட்ரோபீனாலின் எடை 139, ஆக ஒரு கிராம் மண் ஒரு மணி நேரத்தில் 28 மைக்ரோகிராம். இது மனக்கணக்குக்குத்தான். முறையாகச் செய்யும்போது நைட்ரோபீனால் தர வரைகோடு போட்டே படிக்க வேண்டும்.

தவறு நேரும் இடங்கள் தெரிந்தவைதான். கால்சியம் குளோரைடை விட்டுவிட்டால் கரிசல் களிமண் கலைந்து கலங்கலாக இறங்கும், மட்கின் பழுப்பு மஞ்சளோடு கலந்து எண்ணை உயர்த்திக் காட்டும். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒப்பிட்டுக் கழிக்கத் தனிக் கட்டுப்பாட்டு மாதிரி வேண்டும், அதில் நைட்ரோபீனைல் பாஸ்பேட்டை ஹைட்ராக்சைடுக்குப் பிறகு சேர்க்க வேண்டும். ஒரே கட்டுப்பாட்டை எல்லா மண்ணுக்கும் கழித்தால் தேரிக்குக் குறைவும் தொழுவுரம் போட்ட வயலுக்கு அதிகமும் காட்டும். வடிகட்டியதை ராத்திரி வைத்துக் காலையில் படிக்கக் கூடாது. மிஞ்சிய பாஸ்பேட் எஸ்டர் காரத்தில் தானாகவே மெல்ல உடைந்து மஞ்சளைக் கூட்டும். மண்ணை வெயிலில் உலர்த்திக் கொண்டுவந்தால் நொதி பாதி செத்திருக்கும். ஈரமாகவே 4 டிகிரியில் வைத்துச் சீக்கிரம் செய்ய வேண்டும்.

வந்த எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். அதிக வேகம் என்றால் நல்ல மண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிடை போட்ட வயலில் நுண்ணுயிர் பெருகியதாலும் உயரலாம், பாஸ்பேட் பஞ்சத்தில் பயிர் தவித்துச் சுரந்ததாலும் உயரலாம். ஓல்சன் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. இந்தச் சோதனை காட்டுவது, நொதிக்கு வேண்டிய பொருளை நாமே தாராளமாகக் கொடுத்தால் எவ்வளவு வெட்டும் என்பதை. வயலில் அவ்வளவு பொருள் நொதியின் கைக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி.

பிசானம் முடிந்த வயல்

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் நிற்கும்போது மணிச்சத்துக் குறை பெரும்பாலும் கடுமையாகத் தெரியாது. தண்ணீர் கட்டிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர் இரும்பின் மூன்று மின்னேற்றத்தை இரண்டாக இறக்குகிறது. இரண்டு மின்னேற்ற இரும்பு கரைந்துவிடும், அது பிடித்திருந்த பாஸ்பேட்டும் சேர்ந்து கரையும். அங்கே நெல்லுக்கு நொதியின் தேவை குறைவு. பிசானப் பருவ நெல்லை அறுத்துத் தண்ணீர் வடிந்ததும் இது தலைகீழாகிறது. காற்றுப் பட்டு இரும்பு மறுபடி ஆக்சிஜனேற்றம் அடைகிறது. புதிதாகப் படியும் இரும்பு ஆக்சைடு ஒழுங்கற்ற வடிவில், பரப்பு மிகுந்து இருக்கும். கரைந்திருந்த பாஸ்பேட்டை முன்னைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். அதே ஈரத்தில் உளுந்தோ பாசிப்பயறோ விதைத்தால், நெல்லுக்குப் போதுமாக இருந்த வயலில் உளுந்து மணிச்சத்துக்குத் தவிக்கும். வேரில் ஊதா நொதி கூடத்தான் செய்யும், நெல் தாளிலிருந்தும் செத்த நுண்ணுயிரிலிருந்தும் கொஞ்சம் வெட்டும். ஆனால் வெட்டிய பாஸ்பேட்டில் ஒரு பங்கை வேர் எடுப்பதற்குள் அந்தப் புது இரும்பு பிடித்துக்கொள்ளும்.

ஆகவேதான் பயறு வகைகளுக்கு இலைவழி டி.ஏ.பி. தெளிப்பு இந்த வயலில் எடுபடுகிறது. பாஸ்பேட் தனி அயனியாகவே இலைக்குப் போகிறது. வெட்ட நொதியும் தேவையில்லை, வழியில் பிடிக்க இரும்பும் இல்லை. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் தண்ணீரில் முந்தின நாள் மாலையே ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒரு தடவையும் 15 நாள் கழித்து ஒரு தடவையும் மாலை வேளையில் தெளிக்க வேண்டும். அடியில் தங்கும் கசண்டைக் கலக்கினால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். அதை இலைமேல் வீணாக்காமல் வாழைத்தூரில் ஊற்றிவிடலாம்.